ஹொங்கொங் இராணுவ நிலங்கள்

ஹொங்கொங் இராணுவ நிலங்கள் எனப்படுபவை, 1841 ஆம் ஆண்டு முதல் ஹொங்கொங்கில் பிரித்தானியக் காவற்படையின் தேவைக்காக ஒதுக்கப்பட்ட நிலங்களாகும். படைமுகாம்கள், கடற்படைத் துறை, பீரங்கித் தளங்கள், வெடிமருந்துக் கிடங்குகள், பயிற்சித் திடல்கள், மருத்துவமனை, அதிகாரிகளின் இல்லங்கள் என்பன இவற்றில் அமைந்திருந்தன. இந்நிலங்களிற் பெரும் பெறுமதி வாய்ந்த பகுதி, விக்டோரியா நகரின் நடுவே, இன்று சென்ட்ரல் என்றும் அட்மிரல்டி என்றும் அழைக்கப்படும் இடங்களில் காணப்பட்டது. இவற்றின் மதிப்பை எவ்வாறு கணிப்பது, எதற்கு ஈடாக இவற்றைக் கைமாற்றுவது என்பது நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியியல் நிர்வாகத்துக்கும் படைத்துறைக்கும் இடையே நீடித்த பிணக்காக இருந்தது. 1994 ஆம் ஆண்டின் பிரித்தானிய-சீன உடன்பாடும், 1996 ஆம் ஆண்டின் காவற்படைச் சட்டமும் இதற்கு எழுத்து வடிவிலான விதிகளை வகுத்தன.

நிலத்தின் சட்ட நிலை

ஹொங்கொங்கில் நிலம் முழுவதும் முடிக்குரியதாகக் கருதப்பட்டது. தனியார் எவரும் நிலத்தை முழு உரிமையுடன் வாங்க முடியாது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகையாகவே பெற முடியும். தொடக்கத்தில் 75 ஆண்டுக் குத்தகைகள் வழங்கப்பட்டன. வணிகர்களின் எதிர்ப்பை அடுத்து 1848 முதல் அவை 999 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டன. 1898 இல் அந்த நடைமுறை கைவிடப்பட்டது. இப்பொது விதிக்கு அறியப்பட்ட ஒரே விலக்கு, மறே படைமுகாமை அடுத்து அமைந்துள்ள புனித ஜோன் பேராலயத்தின் காணியாகும். அது தேவாலயமாகப் பயன்படும் வரை முழு உரிமையுடன் வழங்கப்பட்டது.

இராணுவ நிலம் இந்தக் குத்தகை முறைக்கு வெளியே இருந்தது. அது ஏலத்தில் விற்கப்படவில்லை. முடியின் ஒரு துறை மற்றொரு துறைக்கு ஒதுக்கிக் கொடுத்த நிலமாகவே அது விளங்கியது. முதலில் படைக்கலச் சபையும், அச்சபை 1855 இல் கலைக்கப்பட்ட பின்னர் இலண்டனில் இருந்த போர்த்துறையும் தரைப்படை நிலங்களைப் பொறுப்பில் வைத்திருந்தன. கடற்படை நிலங்கள் கடற்படைத் தலைமையகத்தின் பொறுப்பில் இருந்தன. ஆகவே உள்ளூர் ஆளுநரால் இவற்றை மீளப்பெற ஆணையிட முடியவில்லை. அவர் குடியேற்ற நாடுகள் அமைச்சுக்கு எழுதவேண்டும். அவ்வமைச்சு போர்த்துறையுடனும் நிதித்துறையுடனும் பேசவேண்டும். நிலம் ஹொங்கொங்கிலும் அதைப் பற்றிய முடிவு இலண்டனிலும் இருந்ததே பிணக்கு நீடித்தமைக்கு முதற்காரணமாகும்.

தோற்றம்

1841 சனவரி 26 அன்று பிரித்தானியர் ஹொங்கொங் தீவைக் கைப்பற்றினர். அதே ஆண்டு சூன் 14 அன்று, தீவு உடன்படிக்கை மூலம் முறைப்படி கைக்கு வருவதற்கு முன்னரே, முதலாவது நில ஏலம் நடைபெற்றது. கரையோரக் காணிகளுக்கு வணிகர்கள் ஆண்டு வாடகையைக் கூறி ஏலம் கேட்டனர். இவ்வாறு வணிகருக்கான நிலத்துக்குத் தொடக்கத்திலேயே ஒரு சந்தை விலை உருவானது. படைகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு அவ்வாறான விலை எதுவும் உருவாகவில்லை.

முதலாம் அபினிப் போரில் பங்குகொண்ட படைகளுள் 37 ஆம் மதராஸ் காலாட்படையும் ஒன்றாகும். தொடக்க ஆண்டுகளில் தீவில் தங்கிய படையினர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். மேற்கே அமைக்கப்பட்ட முகாம் 1843 ஆம் ஆண்டுக் காய்ச்சலின் பின்னர் கைவிடப்பட்டது. நல்ல காற்றோட்டமும் நீர்வசதியும் துறைமுகத்தைக் காக்கும் வாய்ப்பும் கொண்ட இடத்தைப் படையினர் நாடியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அவ்வாறான இடம் வணிகரும் விரும்பிய நகர்நடுப் பகுதியாக அமைந்தது.

1843 இல் அரச பொறியாளர் படையைச் சேர்ந்த மேஜர் எட்வர்ட் ஆல்ட்ரிச் நகர்நடுவில் விரிவான கண்டோன்மென்ட் ஒன்றுக்கான திட்டத்தை வகுத்தார். அது அளவுக்கு மிஞ்சியது என ஆளுநர் ஹென்றி பொட்டிங்கர் ஏற்க மறுத்தார். எனினும் 1840களின் முடிவுக்குள் தீவின் வடகரையில் பின்வரும் ஒதுக்கீடுகள் நிலைபெற்றன.

- மறே படைமுகாம்: படைக்கலத் தலைமை அதிகாரியாக இருந்த சர் ஜோர்ஜ் மறேயின் பெயரால் அழைக்கப்பட்டது. இதன் அதிகாரிகள் இல்லமே பின்னர் மறே மாளிகை எனப் பெயர்பெற்றது.
- விக்டோரியா படைமுகாம்: மறே முகாமுக்குக் கிழக்கே மலைச்சரிவில் அமைந்தது. படைத்தளபதியின் இல்லமான கொடிக்கம்ப மாளிகை 1846 இல் இங்கு கட்டி முடிக்கப்பட்டது.
- கரையோரப் படைக்கல நிலமும் கடற்படை நிலமும்: பிற்காலத்து வெலிங்டன் படைமுகாமும் கடற்படைக் கப்பல்துறையும் இவற்றில் அமைந்தன.

கவுலூன் பிணக்கு

நில மாற்றம் பற்றிய முதலாவது பெரும் விவாதம் கவுலூன் குடாநாடு தொடர்பாக எழுந்தது. 1860 மார்ச் மாதத்தில் ஹரி பார்க்ஸ் என்பவர் லியாங்குவாங் அரசப் பிரதிநிதியிடமிருந்து குடாநாட்டின் தென்பகுதியை ஆண்டுக்கு 500 தேல் வெள்ளி வாடகைக்குப் பெற்றார். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று கையெழுத்தான பீக்கிங் உடன்படிக்கையின்படி அந்நிலம் பிரித்தானியாவுக்கு நிலையாக வழங்கப்பட்டது.

இரண்டாம் அபினிப் போருக்காக வந்த படைகள் ஏற்கெனவே அங்கு கூடாரமிட்டிருந்தன. குடாநாடு படைத்தேவைக்காகவே பெறப்பட்டது என்பது தளபதிகளின் வாதமாகும். ஆளுநர் ஹேர்குலிஸ் ராபின்சன் இதனை மறுத்தார். மக்கள் நெருக்கடி மிகுந்த விக்டோரியா நகருக்கு விரிவிடம் தேவை என்றும், படைகள் கவுலூனுக்குச் செல்வதானால் அதற்கு ஈடாக நகர்நடுவில் உள்ள முகாம் நிலங்களை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். நிலத்துக்கு நிலம் என்ற மாற்று முறை ஹொங்கொங்கில் தெளிவாக முன்வைக்கப்பட்ட தொடக்ககாலச் சந்தர்ப்பங்களுள் இது குறிப்பிடத்தக்கதாகும்.

முடிவு ஆளுநரின் விருப்பப்படி அமையவில்லை. படைத்துறை கவுலூனிற் கணிசமான நிலத்தைப் பெற்றுக்கொண்டது. விக்டோரியாவில் இருந்த முகாம்களையும் விட்டு நீங்கவில்லை. கவுலூனிற் பெற்ற நிலத்தின் ஒரு பகுதியில் விட்ஃபீல்ட் படைமுகாம் அமைந்தது. அங்கு தங்கிய இந்திய முஸ்லிம் படையினருக்காக 1896 இல் கவுலூன் பள்ளிவாசல் கட்டப்பட்டது.

பாதுகாப்புப் பங்களிப்பும் நிலமும்

குடியேற்ற நாடு தன் காவற்படைக்கான செலவில் ஒரு பகுதியை ஏற்கவேண்டும் என இலண்டன் வலியுறுத்தியது. 1860களின் நடுவில் ஆண்டுக்கு 20,000 பவுண் என இருந்த இப்பங்களிப்பு, 1890 இல் 40,000 பவுணாக உயர்த்தப்பட்டது. பின்னர் நிலையான தொகைக்குப் பதிலாக, அரசாங்க வருவாயின் 17.5 விழுக்காடு என்றும், 1901 முதல் 20 விழுக்காடு என்றும் மாற்றப்பட்டது.

இதனால் இராணுவ நிலம் பற்றிய கணக்கு இருமடிச் சுமையாக நோக்கப்பட்டது. ஹொங்கொங் அரசாங்கத்தின் முக்கிய வருவாய்களுள் ஒன்று நிலக் குத்தகையாகும். அதன் மிகச் சிறந்த நிலம் வருவாய் எதுவும் தராமல் படைகளிடம் இருந்தது. அந்நிலத்தில் தங்கிய படைகளுக்கான செலவிலும் அரசாங்கம் பங்கு செலுத்தியது. படைத்துறையின் நோக்கிலோ, துறைமுகமும் அதன் வணிகமும் பாதுகாக்கப்படுவதற்கான விலையே அந்நிலமாகும். காவற்படை இல்லையெனில் அருகிலுள்ள காணிகளுக்கு அத்தகைய விலை கிடைத்திராது என்பதும் அவ்வாதத்துள் அடங்கியிருந்தது.

நகரை இரண்டாகப் பிரித்த நிலம்

இராணுவ நிலத்தின் உண்மையான விலை நகரின் அமைப்பிலே வெளிப்பட்டது. மலையடிவாரம் முதல் கடற்கரை வரை தொடர்ச்சியாகப் பரந்திருந்த முகாம்களும் கப்பல்துறையும் மேற்கேயுள்ள வணிகப் பகுதியைக் கிழக்கேயுள்ள வான் சாய் பகுதியிலிருந்து பிரித்தன. சமதரையில் இவ்விரு பகுதிகளையும் இணைத்தது குயின்ஸ் வீதி மட்டுமேயாகும். 1904 இல் தொடங்கப்பட்ட டிராம் சேவையும் இவ்வழியாகவே சென்றது.

1889 இல் போல் சேட்டர் முன்னின்று தொடங்கிய கடல்நிரப்புத் திட்டம் மேற்குக் கரையில் புதிய நிலத்தை உருவாக்கியது. 1920களில் வான் சாயிலும் கடல் நிரப்பப்பட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட கடற்படைக் கரை அவ்வாறே இருந்தது. இதனால் கரையோர வீதி ஒன்று தொடர்ச்சியாக அமைய முடியவில்லை. நகர்நடுவில் விரிவாக்க இயலாமை, மேற்கேயுள்ள காணிகளின் விலையையும் வாடகையையும் மேலும் உயர்த்தியது. அங்கு நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த மக்கள் இதன் சுமையைத் தாங்கினர்.

படைகளை நகருக்கு வெளியே நகர்த்தும் எண்ணம் பலமுறை முன்வைக்கப்பட்டது. 1930களில் தீவின் தென்முனையிலுள்ள ஸ்டான்லியில் புதிய கோட்டையும் முகாமும் கட்டப்பட்டன. இரண்டாம் உலகப்போரின் பின்னர், நகரத் திட்டமிடலாளர் சர் பட்ரிக் அபர்குரோம்பி 1948 இல் அளித்த அறிக்கையில், விக்டோரியாவின் நடுவிலுள்ள படைநிலங்களை விடுவிக்கப் பரிந்துரைத்தார்.

நிலத்தின் மதிப்பை அளத்தல்

இராணுவ நிலத்தை மதிப்பிடுவதில் உள்ள அடிப்படைச் சிக்கல், அதற்கு விற்பவரும் வாங்குபவரும் கொண்ட சந்தை இல்லாமையாகும். இத்தகைய பேரங்களில் மூன்று அளவுகோல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

- நகர்ப் பெறுமதி: நிலம் விடுவிக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்டால் கிடைக்கும் தொகை. இது நிலத்தின் பரப்பைவிட, அதில் எதைக் கட்ட அனுமதி உண்டு என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. பூங்காவாக ஒதுக்கப்பட்ட நிலத்துக்கும் அலுவலகக் கோபுரத்துக்கு அனுமதிக்கப்பட்ட நிலத்துக்கும் இடையே விலையில் ஒப்பீடே இல்லை.
- மீள்நிர்மாணச் செலவு: அதே அளவு படையினருக்கு வேறோர் இடத்தில் முகாம், கிடங்கு, துறை, மருத்துவமனை ஆகியவற்றைக் கட்ட ஆகும் செலவு. நிலத்தின் விலை இதில் சிறு பகுதியே. கட்டடச் செலவே பெரிது.
- படைப்பயன் பெறுமதி: குறித்த இடத்தில் இருப்பதனால் கிடைக்கும் பாதுகாப்பு நன்மை. இதனைப் பணத்தால் அளக்க இயலாது. பீரங்கிகளின் வீச்சு, படைகளின் போக்குவரத்து, போர்முறை ஆகியன மாறும்போது இதுவும் மாறுகிறது.

குடியியல் நிர்வாகம் பொதுவாக மீள்நிர்மாணச் செலவை ஈடாகக் கொடுத்து, நகர்ப் பெறுமதியைத் தான் பெற விரும்பும். படைத்துறை நகர்ப் பெறுமதிக்கு இணையான ஈட்டைக் கோரும், அல்லது படைப்பயனைக் காரணங்காட்டி நகர மறுக்கும். இவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு யாருக்குச் சேரவேண்டும் என்பதே பேரத்தின் சாரமாகும். அவ்வேறுபாடு படையினரின் உழைப்பால் உருவானதன்று. சூழ நகரம் வளர்ந்ததால் உருவானதாகும். ஆகவே அது நகரமக்களுக்கே உரியது என்பது குடியியல் தரப்பின் வலுவான வாதமாக விளங்கியது.

நிலம் பயன்படாமற் கிடக்கும் காலமும் கணக்கில் சேர்க்கப்படவேண்டிய ஒன்றாகும். பேரம் நீளும் ஒவ்வோர் ஆண்டும் நகரம் வாடகையையும் வரியையும் இழக்கிறது. முகாமில் இருப்பவருக்கு அவ்வாறான இழப்பு இல்லை. எனவே தாமதம் எப்போதும் நிலத்தை வைத்திருப்பவருக்கே சாதகமாக அமைகிறது.

நிலங்கள் கைமாறிய வரலாறு

கடற்படைக் கப்பல்துறை

கப்பல்துறையை மூடும் முடிவு 1957 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 1959 இல் அது மூடப்பட்டது. படிப்படியாக வேலைநீக்கம் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு இது பேரிடியாக அமைந்தது. நகருக்கு வழி திறந்த அதே முடிவு அவர்களின் வாழ்வாதாரத்தைப் பறித்தது. உலர்துறை நிரப்பப்பட்டு, 1960களின் தொடக்கத்தில் ஹார்கோர்ட் வீதி அமைக்கப்பட்டது. இதன் பின்னரே சென்ட்ரலும் வான் சாயும் அகன்ற கரையோர வீதியால் இணைந்தன. 1980 பெப்ரவரியில் இங்கு அட்மிரல்டி தொடருந்து நிலையம் திறக்கப்பட்டது. இப்பகுதியின் சீனப் பெயரான கம் சுங் என்பதற்குப் பொன்மணி என்பது பொருள். வெலிங்டன் படைமுகாமில் தொங்கிய பொன்னிற மணியிலிருந்து இப்பெயர் வந்தது.

விட்ஃபீல்ட் படைமுகாம்

கவுலூனிலுள்ள இம்முகாம் 1967 இல் அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. 1970 இல் இதன் நிலத்தில் கவுலூன் பூங்கா திறக்கப்பட்டது. நேத்தன் வீதியை ஒட்டிய ஒரு பகுதி பின்னர் வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டது.

விக்டோரியா படைமுகாம்

இம்முகாம் 1979 இல் கையளிக்கப்பட்டது. இதன் நிலம் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டது. தாழ்ந்த பகுதியில் உயர் நீதிமன்றமும் அரசாங்க அலுவலகங்களும் எழுந்தன. வீதியோரக் காணிகள் இரண்டு சுவைர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 1985 இல் முதலாவது காணி 703 மில்லியன் ஹொங்கொங் டொலருக்கும், 1986 இல் இரண்டாவது காணி 1,005 மில்லியன் டொலருக்கும் விலைபோயின. அவற்றில் பசிபிக் பிளேஸ் வணிகத் தொகுதி கட்டப்பட்டது. மேற்குப் பகுதியிலுள்ள 8 எக்டேர் நிலம் ஹொங்கொங் பூங்காவாக மாற்றப்பட்டு 1991 மே 23 அன்று திறக்கப்பட்டது. விற்றால் பெருந்தொகை கிடைக்கக்கூடிய நிலத்தை விற்காமல் மக்களுக்குத் திறந்துவிட்ட எடுத்துக்காட்டாக இது கருதப்படுகிறது.

மறே மாளிகைக் காணி

மறே படைமுகாமின் நிலம் போருக்குப் பிந்திய காலத்தில் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதன் ஒரு பகுதியில் 1969 இல் மறே கட்டடம் என்னும் அரசாங்க அலுவலகம் எழுந்தது. மறே மாளிகை அரசாங்க அலுவலகமாகப் பயன்பட்டது. இறைவரி மதிப்பீட்டுத் திணைக்களமும் இங்கு இயங்கியது. ஒரு காலத்தில் மதிப்பே இல்லாதிருந்த படைநிலத்தில் நகரின் சொத்து மதிப்புகள் கணிக்கப்பட்டன. சப்பானிய ஆக்கிரமிப்பின்போது இக்கட்டடம் இராணுவப் பொலிசாரிடம் இருந்ததால், இங்கு ஆவிகள் உலாவுவதாக ஊழியர்கள் அஞ்சினர். 1963 இலும் 1974 இலும் அரசாங்க அனுமதியுடன் பேயோட்டும் சடங்குகள் நடத்தப்பட்டன.

1982 ஆகஸ்ட் மாதத்தில் இக்காணி சீன வங்கிக்கு 1 பில்லியன் ஹொங்கொங் டொலருக்கு வழங்கப்பட்டது. இவ்விலை அக்காலத்திற் பெரும் விவாதத்துக்கு உள்ளானது. ஏறத்தாழ 6,700 சதுர மீட்டர் கொண்ட இக்காணிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1,49,000 டொலர் கிடைத்தது. அட்மிரல்டியில் 6,250 சதுர மீட்டர் காணி ஒன்றுக்குத் தொடருந்துக் கூட்டுத்தாபனம் 1.82 பில்லியன் டொலர் செலுத்தியிருந்தது. அது சதுர மீட்டருக்குச் சுமார் 2,91,000 டொலராகும். மேலும் சீன வங்கி முதலில் 60 மில்லியன் டொலர் மட்டும் செலுத்தி, எஞ்சியதை 6 விழுக்காடு வட்டியுடன் 13 ஆண்டுகளில் செலுத்தலாம் என்ற சலுகையும் அளிக்கப்பட்டது. ஹொங்கொங்கின் எதிர்காலம் பற்றிய ஐயம் நிலவிய வேளையில், சீன அரசின் வங்கி அங்கு முதலிடுவதே நம்பிக்கைக்கான அடையாளமாகக் கருதப்பட்டது. நிலத்தின் மதிப்பில் அரசியலும் ஓர் உறுப்பு என்பதை இது காட்டுகிறது.

மறே மாளிகையின் கற்கள் எண்ணிடப்பட்டுக் கழற்றிச் சேமிக்கப்பட்டன. ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின்னர் ஸ்டான்லியில் அம்மாளிகை மீள எழுப்பப்பட்டது. காணியில் சீன வங்கிக் கோபுரம் கட்டப்பட்டது. மறே கட்டடம் 2011 இல் 4.4 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டு, 2018 இல் உணவுவிடுதியுடன் கூடிய தங்குவிடுதியாகத் திறக்கப்பட்டது.

1994 ஆம் ஆண்டின் உடன்பாடு

1997 இல் ஆட்சி கைமாறவிருந்த நிலையில், எஞ்சிய இராணுவ நிலங்களின் எதிர்காலம் பற்றிப் பிரித்தானியாவும் சீனாவும் பேச்சு நடத்தின. நகரின் விலையுயர்ந்த நிலங்கள் புதிய காவற்படைக்குச் செல்வதா, நகருக்குத் திரும்புவதா என்பதே கேள்வியாக இருந்தது. 1994 சூன் 30 அன்று எட்டப்பட்ட உடன்பாட்டின் முக்கிய கூறுகள் பின்வருமாறு.

- அப்போதிருந்த 39 இராணுவ நிலங்களுள் 14 சீனக் காவற்படையின் பாதுகாப்புத் தேவைக்காகக் கையளிக்கப்படும்.
- எஞ்சிய 25 நிலங்கள் ஹொங்கொங் அரசாங்கத்திடம் விடப்பட்டு, சமூக, பொருளாதார வளர்ச்சிக்குப் பயன்படுத்தப்படும்.
- விடுவிக்கப்படும் சில வசதிகளுக்கு ஈடாக, ஹொங்கொங் அரசாங்கம் தன் செலவில் வேறிடங்களில் மாற்று வசதிகளைக் கட்டிக்கொடுக்கும். ஸ்டோன்கட்டர்ஸ் தீவின் தென்கரையிலான கடற்படைத் தளம் இவற்றுள் முதன்மையானதாகும்.
- சென்ட்ரல் கடற்கரையில், எதிர்காலத்தில் நிரப்பப்படும் நிலத்தில், 150 மீட்டர் நீளக் கரை இராணுவ இறங்குதுறைக்கு ஒதுக்கப்படும்.

இவ்வுடன்பாட்டில் நிலங்களுக்கு விலை குறிக்கப்பட்டு ஈடு செய்யப்படவில்லை. பணத்துக்குப் பதிலாகப் பயன்பாடே அளவுகோலாக அமைந்தது. சென்ட்ரலில் 1979 இல் கட்டப்பட்ட வேல்ஸ் இளவரசர் கட்டடமும் அதனைச் சூழ்ந்த முகாமும் காவற்படைத் தலைமையகமாகவே தொடர்ந்தன. அதனை அடுத்த டாமார் கடற்படை வளாகம் நிரப்பப்பட்டு, அங்கு 2011 இல் ஹொங்கொங் அரசாங்கத்தின் புதிய தலைமையகம் திறக்கப்பட்டது.

காவற்படைச் சட்டம்

1996 திசம்பர் 30 அன்று நிறைவேற்றப்பட்டு 1997 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த காவற்படைச் சட்டத்தின் 13 ஆம் உறுப்புரை இராணுவ நிலத்தைப் பற்றியதாகும். அதன் சாரம் வருமாறு:

- பாதுகாப்புத் தேவைக்கு இனி வேண்டாத நிலம், நடுவண் அரசின் ஒப்புதலுடன், ஈடு எதுவும் பெறாமல் ஹொங்கொங் அரசாங்கத்திடம் திருப்பி அளிக்கப்படும்.
- பாதுகாப்புக்காகப் பயன்பட்டுவரும் நிலத்தின் ஒரு பகுதி பொதுப் பயனுக்கு வேண்டுமெனில், ஹொங்கொங் அரசாங்கம் நடுவண் அரசின் ஒப்புதலைப் பெறவேண்டும். அதற்கு ஈடாக, நடுவண் அரசு ஏற்கும் இடத்தில் நிலமும் படை வசதிகளும் ஹொங்கொங் அரசாங்கத்தின் செலவில் வழங்கப்படவேண்டும்.

பயன்படாத நிலம் நகரமக்களுக்கே உரியது என்னும் பழைய குடியியல் வாதத்தை முதலாவது விதி ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது விதி மீள்நிர்மாணச் செலவையே ஈட்டின் அளவாக்குகிறது. எனினும் ஒரு நிலம் தேவையா இல்லையா என்பதை முடிவு செய்யும் உரிமை நிலத்தை வைத்திருப்பவரிடமே உள்ளது. ராபின்சன் காலத்தில் இலண்டனில் இருந்த அம்முடிவு இப்போது பெய்ஜிங்கில் உள்ளது.

சென்ட்ரல் இறங்குதுறை விவாதம்

1994 இல் ஒதுக்கப்பட்ட 150 மீட்டர் கரை, கடல் நிரப்பப்பட்டு உலாவும் பாதை அமைந்தபோது மீண்டும் பேசுபொருளானது. சுமார் 0.3 எக்டேர் நிலத்தைத் திறந்தவெளி என்பதிலிருந்து இராணுவப் பயன்பாடு என மாற்றும் முன்மொழிவுக்கு 2013 இல் பல ஆயிரம் ஆட்சேபனைகள் கிடைத்தன. உடன்பாட்டில் இறங்குதுறை மட்டுமே கூறப்பட்டுள்ளது என்றும், அதற்காக நிலத்தையே இராணுவ நிலமாக்க வேண்டியதில்லை என்றும் எதிர்ப்பாளர்கள் கூறினர். நகரத் திட்டமிடல் சபை 2014 இல் மாற்றத்தை ஏற்றது. 2020 செப்டம்பரில் துறை காவற்படையிடம் கையளிக்கப்பட்டது. படைத்தேவை இல்லாத வேளைகளில் அவ்விடம் மக்களுக்குத் திறந்திருக்கும் என அரசாங்கம் அறிவித்திருந்தது.

பிற காவற்படை நகரங்களுடன் ஒப்பீடு

பிரித்தானியப் பேரரசின் பிற காவற்படை நகரங்களிலும் இதே சிக்கல் வெவ்வேறு வகையில் தீர்க்கப்பட்டது.

- இந்தியா: 1836 ஆம் ஆண்டின் ஆணைப்படி, கண்டோன்மென்ட் நிலத்தின் உரிமை அரசிடமே இருந்தது, அதில் பங்களா கட்டியவருக்குக் கட்டடம் மட்டுமே உரியது. ஒரு மாத அறிவித்தலுடன் கட்டடத்தின் பெறுமதியைக் கொடுத்து அரசு நிலத்தை மீளப்பெறலாம். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி மதிப்பு என்னும் இம்முறை பல வழக்குகளுக்கு வித்திட்டது. சென்னையின் பரங்கிமலை இன்றும் கண்டோன்மென்டாக உள்ளது.
- சிங்கப்பூர்: 1968 இல் அறிவிக்கப்பட்ட படைவிலகலை அடுத்து, செம்பவாங் கடற்படைக் கப்பல்துறை 1 டொலர் என்ற பெயரளவு விலைக்குக் கையளிக்கப்பட்டது.
- கொழும்பு: கோட்டைப் பகுதியிலிருந்த எச்சலன் படைமுகாமின் நிலத்தில் பின்னர் வங்கித் தலைமையகமும் வணிகக் கோபுரங்களும் தங்குவிடுதியும் எழுந்தன.

சிங்கப்பூரில் படை முழுமையாக வெளியேறியதால் மதிப்பு பற்றிய பேரம் சுருங்கியது. ஹொங்கொங்கில் ஒரு காவற்படையின் இடத்துக்கு மற்றொரு காவற்படை வந்ததால் அது தொடர்ந்தது.

எஞ்சியுள்ள அடையாளங்கள்

- கொடிக்கம்ப மாளிகை: 1984 முதல் தேநீர்க் கலங்களின் அருங்காட்சியகம்.
- கசெல்ஸ் கட்டடம்: ஹொங்கொங் பூங்காவில் காட்சிக்கலை மையம்.
- ரோலின்சன் இல்லம்: திருமணப் பதிவகம்.
- விக்டோரியா முகாமின் பழைய வெடிமருந்துக் கிடங்கு: 2012 முதல் ஆசியச் சங்கத்தின் ஹொங்கொங் மையம்.
- விட்ஃபீல்ட் முகாமின் சில கட்டடங்கள்: கவுலூன் பூங்காவில் மரபுரிமை மையம்.
- லெய் யூ முன் கோட்டை: 2000 ஆம் ஆண்டு கரையோரப் பாதுகாப்பு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இவற்றை அண்டிய நிலத்தின் இன்றைய பெறுமதிக்கு ஓர் அளவாக, மறே வீதியிலிருந்த வாகனத் தரிப்பிடக் காணி 2017 இல் 23.28 பில்லியன் ஹொங்கொங் டொலருக்கு விற்கப்பட்டதைக் கூறலாம்.

இவற்றையும் பார்க்கவும்

- ஹொங்கொங் வரலாறு
- கவுலூன் குடாநாடு
- அட்மிரல்டி, ஹொங்கொங்
- மறே மாளிகை
- ஹொங்கொங் பூங்கா
- கண்டோன்மென்ட்